5.1 செட் சரியாகப் பேசவில்லையா? குறைந்த செலவு ஹோம் தியேட்டரில் வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

கடலூரிலும் புதுச்சேரியிலும் நடுத்தர வீடுகளில் 5.1 (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப் ஊஃபரும்) என்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று இருக்கும். பக்கத்துக் கடையில் சொல்லிச் செய்த அசெம்பிள் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), அட்டைப் பெட்டியோடு வாங்கிய ரெடிமேட் செட், சென்னை ரிச்சி தெருவிலோ தெரிந்தவரிடமோ வாங்கிய பழைய ஏவி ரிசீவர் (ஒலியைச் சேனல் சேனலாகப் பிரித்துப் பெருக்கும் பெட்டி). மூன்றுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், தொல்லை வருகிற இடங்கள் மூன்றிலும் ஒன்றுதான் என்பதால். படத்தில் ஆறு சேனலாகக் கிளம்பிய ஒலி டிவிக்கும் ஆம்புக்கும் நடுவில் எங்கோ இரண்டாகச் சுருங்கியிருக்கும். இல்லாவிட்டால் ஒரு வயர் தலைகீழாக மாட்டியிருக்கும். செட்டே கெட்டுப்போய்விட்டது என்பதைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும். புது ஸ்பீக்கருக்குப் பணம் எடுப்பதற்கு முன், கீழே உங்கள் வீட்டுத் தொல்லை எதுவென்று தேடி, அந்தப் பகுதியை மட்டும் செய்து பாருங்கள்.

கையில் ஒரு சாதாரண மல்டிமீட்டர், ஒரு 1.5 வோல்ட் பென் டார்ச் பேட்டரி, ஒரு போன் இருந்தால் போதும். பென் டிரைவில் ஒரு 5.1 டெஸ்ட் கிளிப் போட்டுக்கொள்ளுங்கள். "முன் இடது, சென்டர், முன் வலது" என்று ஒவ்வொரு ஸ்பீக்கராகப் பெயர் சொல்லிப் பேசும் கோப்பு அது. ஒலி டால்பி டிஜிட்டலில், அதாவது ஏசி3-யில் இருக்க வேண்டும். அசெம்பிள் ஆம்ப் வைத்திருப்பவர்கள் பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரோடு எடுத்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

"பின்னாடி ரெண்டு ஸ்பீக்கரும் சும்மா கிடக்குது"

என்னிடம் அதிகம் வருகிற கேள்வி இது. மற்ற கோளாறு பாதிக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் ஸ்பீக்கருக்கு உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். ஆம்பை அணைத்துவிட்டு, முன் இடது ஸ்பீக்கரின் வயரைக் கழற்றி, பின் இடது ஸ்பீக்கரின் வயரை அந்த இடத்தில் மாட்டுங்கள். பாட்டு வந்தால் ஸ்பீக்கரும் நல்லது, வயரும் நல்லது. வராவிட்டால் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து ஸ்பீக்கர் முனைகளிலேயே அளந்து பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் 3-க்கு மேல் 4-க்குள் காட்டும், 8 ஓம் ஸ்பீக்கர் 6 அல்லது 7 காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் போயிருக்கிறது. சரியாகக் காட்டினால் நடுவில் வயர் அறுந்திருக்கிறது.

அடுத்து டெஸ்ட் கிளிப்பைப் போடுங்கள். "பின் இடது" என்ற குரல் பின்னாலிருந்தே வருகிறதா? அப்படியானால் உங்கள் செட்டில் எந்தக் குறையும் இல்லை. நீங்கள் பார்க்கிற நிகழ்ச்சிதான் ஸ்டீரியோ. சீரியல், நியூஸ், யூடியூப் வீடியோ எல்லாம் பெரும்பாலும் இரண்டு சேனல்தான், அதில் பின்னால் பேச ஒன்றுமே இல்லை. ரிசீவர் வைத்திருப்பவர்கள் டால்பி புரோ லாஜிக் மோடைப் போட்டால் அந்த இரண்டிலிருந்தே பின்பக்கத்துக்கும் கொஞ்சம் பிரித்துத் தரும். பழைய படங்களுக்கு அது நன்றாகவே இருக்கும். நியூஸுக்குப் போடாதீர்கள், பேச்சு கலங்கும்.

"பின் இடது" என்ற குரல் முன் ஸ்பீக்கரிலிருந்து வந்தால் வழியில் சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். டிவியின் சவுண்ட் செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட் என்று ஒன்று இருக்கும். அது பிசிஎம்-மில் இருந்தால் டிவியே ஆறையும் பிசைந்து இரண்டாக்கி அனுப்பும். அதை ஆட்டோ, பிட்ஸ்ட்ரீம், பாஸ்த்ரூ, டால்பி டிஜிட்டல் என்று உங்கள் டிவியில் எந்தப் பெயரில் இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள். பல வீடுகளில் வேலை இங்கேயே முடிந்துவிடும், ஒரு ரூபாய் செலவில்லாமல்.

முடியவில்லையென்றால் கேபிளைப் பாருங்கள். ஹெட்போன் ஜாக்கிலிருந்து எடுத்த வயர், சிவப்பு வெள்ளை ஆர்சிஏ வயர், ப்ளூடூத், இந்த மூன்றிலும் வருவது இரண்டே சேனல். எத்தனை விலை கொடுத்து நல்ல வயர் வாங்கினாலும் அது மூன்றாகாது. ஆறு சேனல் வர முக்கியமாக இரண்டு வழி உண்டு. ஒன்று ஆப்டிகல், அதாவது ஒலியை ஒளியாக அனுப்பும் கேபிள்: டால்பி டிஜிட்டல், அதைப்போன்ற இன்னொரு ஒலி வகையான டிடிஎஸ் இரண்டையும் 5.1 ஆகவே கொண்டுவரும். இன்னொன்று எச்டிஎம்ஐ ஏஆர்சி, அதாவது டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ வயரிலேயே ஆம்புக்குத் திருப்பி அனுப்பும் வசதி: 2009-இல் எச்டிஎம்ஐ 1.4-உடன் வந்தது. டிவியில் பல எச்டிஎம்ஐ துளைகள் இருந்தாலும் ஏஆர்சி என்று எழுதியிருக்கும் ஒன்றில் மட்டுமே வேலை செய்யும். கூடவே டிவி மெனுவில் சிஇசி (எச்டிஎம்ஐ-யில் சேர்ந்த கருவிகள் ஒன்றையொன்று இயக்கும் வசதி) ஆன் ஆகியிருக்க வேண்டும். சாம்சங் அதை எனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்ப்லிங்க் என்கிறது, சோனி பிராவியா சிங்க் என்கிறது. இந்தப் பெயர் தெரியாமலேயே ஏஆர்சி கெட்டுப்போச்சு என்று ஆப்டிகலுக்குத் தாவியவர்கள் நிறைய.

அசெம்பிள் ஆம்ப் என்றால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஆறு ஆர்சிஏ உள்ளீடு இருக்கிறதா, அல்லது சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு மட்டுமா? ஆறு இருந்தால் ஆப்டிகல் உள்ளீடு உள்ள சின்ன 5.1 டிகோடர் பெட்டி (டிஜிட்டல் ஒலியை ஆறு சேனலாகப் பிரித்துத் தருவது) ஒன்று வாங்கி நடுவில் வைத்தால் உண்மையான 5.1 கிடைத்துவிடும். குறைந்த செலவில் செய்யக்கூடியவற்றில் இதுபோல் பலன் தருவது வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. இரண்டு மட்டும் இருந்தால், முன்பலகையில் என்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் உள்ளே டிகோடர் கிடையாது. அதே இடதும் வலதும்தான் சரவுண்ட் போர்டு வழியாக ஐந்து ஸ்பீக்கருக்கும் போகிறது. உள்ளே ஆறு சேனல் வால்யூம் போர்டு இருந்தால், செய்து கொடுத்தவரிடமே சொல்லி ஆறு உள்ளீடு வெளியே எடுக்கச் சொல்லுங்கள். ஆம்பை மாற்ற வேண்டியதில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் பின்னால் கேட்பது போலவே இல்லையென்றால் இடம் காரணம். இங்கே வரிசை வீடுகளில் ஹால் நீளமாக, சோபா பின்சுவரோடு ஒட்டியிருக்கும். பின் ஸ்பீக்கர்கள் தலைக்கு மேல் சுவர் மூலையில், கூரையைப் பார்த்தபடி தொங்கும். அவற்றை இறக்கிப் பக்கச் சுவர்களுக்கு மாற்றுங்கள். நேர் முன்னால் சுழியம் என்று வைத்தால், பின் ஸ்பீக்கருக்கு உரிய இடம் இரண்டு பக்கமும் 110 டிகிரி, அதாவது காதுக்குப் பக்கவாட்டில் சற்றே பின்னால். உயரம் உட்கார்ந்தால் காதுக்கு மேல் ஓரிரு அடி. ஒரு பக்கம் சுவரே இல்லாமல் சமையலறைக்குப் போகும் வழியாக இருந்தால், அந்தப் பக்கத்துக்கு ஒரு ஸ்டூல் போதும். ஆனால் இரண்டும் ஒரே தூரத்தில் இல்லாததால், போனில் டெசிபல் காட்டும் ஆப் ஒன்றைப் போட்டு, உட்காரும் இடத்தில் வைத்து, ஐந்து ஸ்பீக்கரும் ஒரே அளவு காட்டும்வரை லெவலைத் திருத்துங்கள். போன் காட்டும் எண் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை, ஒன்றோடு ஒன்றை ஒப்பிடத்தானே.

"பாட்டு வந்தா அதிருது, பேசினா கேட்கலை"

படத்தில் வசனத்தில் பெரும்பகுதி சென்டர் ஸ்பீக்கரில் வருகிறது. ஆகவே முதல் கேள்வி, சென்டர் பேசுகிறதா? அதன் மேல் காதை வைத்துக் கேளுங்கள். ஒன்றுமில்லையென்றால் மேலே சொன்ன வயர் மாற்றும் சோதனை. ஆம்புக்குச் சென்டர் இருப்பதாகச் சொல்லிவிட்டு ஸ்பீக்கரை மாட்டாமல் விட்டிருந்தாலும் வசனம் காற்றில் போய்விடும். சென்டர் ஸ்பீக்கர் இல்லாதவர்கள் மெனுவில் சென்டர் "இல்லை" என்று வையுங்கள், வசனம் முன்னிரண்டிலும் பிரிந்து நடுவில் கேட்கும். நல்ல முன் ஸ்பீக்கர் இரண்டு இருந்தால் மோசமான சென்டரை விட இதுவே மேல்.

சென்டர் பேசுகிறது, ஆனால் சன்னமாக இருக்கிறதென்றால் அதன் லெவலை 2, 3 டெசிபல் ஏற்றுங்கள். டிவி ஸ்டாண்டின் உள்தட்டில் தள்ளி வைத்திருந்தால் விளிம்புவரை முன்னால் இழுத்து, முகத்தைக் காதை நோக்கிச் சற்று சாய்த்து வையுங்கள். மரத்தட்டு வசனத்தை விழுங்கும். இரவில் பிள்ளைகள் தூங்கும்போது பார்க்கிறவர்களுக்கு நைட் மோட் அல்லது டைனமிக் ரேஞ்ச் என்ற செட்டிங் இருக்கிறது. சத்தமான இடத்தைத் தணித்து மெதுவான இடத்தைத் தூக்கிவிடும்.

இதையெல்லாம் செய்தும் வசனம் கலங்கினால் அறையைச் சந்தேகப்படுங்கள். ஹாலின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். டைல்ஸ் தரை, ஆர்சிசி கூரை, வெறும் சுவர் என்றால் தட்டலுக்குப் பின்னால் ஒரு சிலிர்ப்பு தொடரும். அந்தச் சிலிர்ப்புதான் வசனத்தின் மெய்யெழுத்துகளைத் தின்கிறது. டிவிக்கும் சோபாவுக்கும் நடுவில் கனமான ஜமுக்காளம், ஜன்னலுக்கு மடிப்பு நிறைய உள்ள திரை, பின்சுவரில் புத்தக அலமாரி, இவை போதும். கோரைப் பாய் மெல்லியது, சிலிர்ப்பில் கொஞ்சம்தான் குறைக்கும். முட்டை அட்டையைச் சுவரெல்லாம் ஒட்டாதீர்கள். அதனால் பலன் மிகக் குறைவு, பூச்சி சேரும், தீப்பிடிக்கும் பொருள் வேறு.

"மியூசிக் வருது, பாடுறவர் குரலே காணோம்"

கேட்க விசித்திரமாக இருக்கும். கரோக்கே போட்டதுபோல் குரல் மட்டும் மறைந்து, எதிரொலி மட்டும் மிச்சமிருக்கும். இதற்குக் காரணம் பெரும்பாலும் 3.5 மி.மீ. ஜாக்கில் கிரவுண்ட் (இடதுக்கும் வலதுக்கும் பொதுவான முனை) சேராமல் இருப்பதுதான். கிரவுண்ட் விட்டுப்போனால் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே ஸ்பீக்கருக்குப் போகும். குரல் இரண்டிலும் சமமாகப் பதிவாகியிருப்பதால் கழிந்துபோகிறது. ஜாக்கை முழுவதும் அழுத்துங்கள். மைக் உள்ள ஹெட்போனுக்கான, மூன்று கறுப்பு வளையம் உள்ள பின்னைப் போட்டிருந்தால் இரண்டு கறுப்பு வளையம் உள்ள பின்னுக்கு மாறுங்கள். வயரை ஆட்டும்போது குரல் வந்து வந்து போனால் பின்னைப் புதிதாகச் சால்டர் செய்யுங்கள்.

குரல் இருக்கிறது, ஆனால் நடுவில் நிற்காமல் பரவிக் கிடக்கிறது, பாஸும் இல்லை என்றால் ஒரு ஸ்பீக்கர் தலைகீழ். ஆம்பிலிருந்து வயரைக் கழற்றி, பேட்டரியின் பிளஸை ஸ்பீக்கரின் சிவப்பிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு நொடி மட்டும் தொடுங்கள். கோன் முன்னால் வந்தால் சரி, உள்ளே போனால் சிவப்பும் கறுப்பும் உள்ளே மாறியிருக்கிறது. ஐந்து ஸ்பீக்கருக்கும் செய்யுங்கள், ரெடிமேட் செட்டிலும் கூட.

"படம் ஓடுது, சத்தம் மட்டும் இல்லை"

நியூஸுக்குச் சத்தம் வருகிறது, பென் டிரைவ் படத்துக்கு மட்டும் இல்லையென்றால் அந்தக் கோப்பின் ஒலி டிடிஎஸ்-ஸில் இருக்கும். சாம்சங் 2018 மாடல்களிலிருந்து டிடிஎஸ்-ஸை விட்டுவிட்டது. எல்ஜி 2020 மாடலில் விட்டு 2023-இல் திரும்பக் கொண்டுவந்தது. டிடிஎஸ் இல்லாத மாடலில் அந்தக் கோப்பு வாய் திறக்காது. கணினியில் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச நிரல் இருந்தால், படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் ஏசி3-யாக, 640 கிலோபிட்டில் மாற்றிவிடலாம். படத்தின் தரம் குறையாது, சில நிமிட வேலை.

ஓடிடி ஆப்பில் மட்டும் சத்தம் இல்லையென்றால் காரணம் வேறு. ஆப்கள் பெரும்பாலும் அனுப்புவது டால்பி டிஜிட்டல் பிளஸ். விலை குறைந்த டிகோடர் பெட்டிகளுக்கும் பழைய ரிசீவர்களுக்கும் அது புரியாது, ஆப்டிகல் வழியாக அது வரவும் வராது. டிவி மெனுவில் ஆட்டோ என்பதை விட்டு "டால்பி டிஜிட்டல்" என்றே நேரடியாகத் தேர்ந்தெடுங்கள். டிவி அதைப் பழைய வகைக்கு மாற்றி அனுப்பும், 5.1 அப்படியே வரும். அந்தத் தேர்வே இல்லாத டிவியில் பிசிஎம் போட்டு ஸ்டீரியோவாகக் கேட்பது தவிர வழியில்லை.

"ம்ம்ம்னு ஒரு சத்தம் இருந்துகிட்டே இருக்கு"

இதில் இரண்டு வகை உண்டு. வால்யூமைச் சுழியத்துக்கு இறக்குங்கள். அப்போதும் அதே அளவு ஹம் இருந்தால் கோளாறு ஆம்புக்குள்ளே. பவர் சப்ளையின் பெரிய கெபாசிட்டர் வற்றியிருக்கும், அல்லது முதலிலேயே சின்னதாகப் போட்டிருப்பார்கள். சப்ளையின் பிளஸ், மைனஸ் ஒவ்வொரு பக்கத்துக்கும் 4700 மைக்ரோபாரட், 35 வோல்ட் போடச் சொல்லுங்கள். இந்த ஹம் 100 ஹெர்ட்ஸ், சற்றே கரடுமுரடாக "ர்ர்ர்" என்று கேட்கும்.

வால்யூமோடு சேர்ந்து ஹம்மும் ஏறி இறங்கினால் அது வெளியிலிருந்து வருகிறது. உள்ளீட்டு வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் செட்டாப் பாக்ஸில் திருகியிருக்கும் கேபிள் டிவி வயரைக் கழற்றுங்கள். ஹம் நின்றுவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது: கேபிள் வயரின் கவசம் தெருவில் எங்கோ ஒரு இடத்தில் பூமியைத் தொடுகிறது, உங்கள் வீட்டு எர்த் இன்னொரு இடத்தில் தொடுகிறது, இரண்டுக்கும் நடுவே உள்ள வோல்டேஜ் வித்தியாசம் ஆடியோ வயர் வழியாக ஓடுகிறது. இது 50 ஹெர்ட்ஸ், மெத்தென்ற "ம்ம்". டிவியிலிருந்து ஆம்புக்கு ஆப்டிகல் போட்டால் அதில் உலோகமே இல்லாததால் அந்தச் சுற்று அறுந்துவிடும். டிகோடர் பெட்டி வாங்க இது இன்னொரு காரணம்.

ஹம்மைப் போக்க எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். செய்யவே செய்யாதீர்கள், உயிர் விஷயம். ஆம்பின் உலோகப் பெட்டியையோ டிவியின் எச்டிஎம்ஐ முனையையோ தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா? உங்கள் பிளக் பாயிண்டில் எர்த் வரவில்லை. எஸ்எம்பிஎஸ் (டிவி, செட்டாப் பாக்ஸ் போன்றவற்றின் பவர் சப்ளை) உள்ளே இருக்கும் சின்ன கெபாசிட்டர்கள் வழியாகப் பெட்டி மெயின்ஸில் பாதி வோல்டேஜில் மிதக்கிறது. கரண்ட் மிகக் குறைவு என்றாலும், எர்த் இல்லாத வீட்டில் நாளை வேறொரு கருவியில் பழுது வந்தால் காக்க ஒன்றுமில்லை. தேவனாம்பட்டினம், முத்தியால்பேட்டை போன்ற கடலோர மணல் பூமியில் எர்த் குழி கோடையில் காய்ந்து பிடிப்பு விடும். குழியில் தண்ணீர் ஊற்றிவிட்டு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அளந்து பாருங்கள். ஃபேஸ்-நியூட்ரல் அளவுக்குக் கிட்டத்தட்ட சமமாக வராவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டே ஆக வேண்டும்.

ஃபேனும் இதில் சேரும். ரெகுலேட்டரை 2-இல் வைத்தால் "கிர்ர்" என்று வருகிறது, 5-இல் வைத்தால் நிற்கிறது என்றால், அது டிம்மர் வகை ரெகுலேட்டர் கிளப்பும் இரைச்சல். படிப்படியாகத் திரும்பும் கெபாசிட்டர் வகை ரெகுலேட்டராக மாற்றினால் தீர்ந்தது. கரண்ட் போனபோது மட்டும் இரைந்தால் உங்கள் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ், அதற்கு ஆம்பில் மருந்தில்லை. ப்ளூடூத் மோடில் மட்டும் மெல்லிய விசில் வந்தால் அந்தப் போர்டுக்குத் தனியாக 5 வோல்ட் சப்ளை கொடுக்கச் சொல்லுங்கள், ஆம்பின் கிரவுண்டோடு சேராததாக.

"சப் ஊஃபர் கும்முனு ஒரே மாதிரி அடிக்குது"

எந்தப் பாட்டுக்கும் ஒரே சுதியில் அதிர்ந்தால் அறையின் நீளம் பேசுகிறது. ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். இரண்டு எதிர்ச் சுவருக்கு நடுவே 12 அடி என்றால் 47 ஹெர்ட்ஸ் பக்கத்திலும், 10 அடி என்றால் 56 ஹெர்ட்ஸ் பக்கத்திலும் சத்தம் தானாகப் பெருகும். 10-க்கு 10 சதுர அறையில் இரண்டு திசையும் ஒரே இடத்தில் சேர்ந்துகொள்ளும், அதனால் அதுதான் மிக மோசம்.

செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. சப் ஊஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில், சோபாவின் மேலேயே வையுங்கள். பாஸ் நிறைய உள்ள பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தரையில் தவழ்ந்து கேளுங்கள். எங்கே பாஸ் அதிர்வில்லாமல் ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் கேட்கிறதோ அங்கே சப்பைக் கொண்டுபோய் வையுங்கள். பெரும்பாலும் அது மூலையாக இருக்காது, மூலையிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி இருக்கும்.

பாஸ் வருவதே இல்லை என்றால் சப்பின் பேஸ் (phase) சுவிட்சை 0-விலிருந்து 180-க்குத் தள்ளிப் பார்த்து, எதில் கூடுதலாகக் கேட்கிறதோ அதில் விடுங்கள். கிராஸ் ஓவர், அதாவது எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சப்புக்குப் போகிறது என்ற எல்லை, பற்றி ஒரு வார்த்தை: பெரிய ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸ் என்பது வழக்கம். மூன்று அங்குலக் குட்டி ஸ்பீக்கர்களுக்கு அதை அப்படியே வைத்தால் நடுவில் ஒரு பள்ளம் விழுந்து ஆண் குரல் சோகையாகிவிடும். 120, 150 வரை ஏற்றுங்கள்.

"வாய் அசைஞ்ச பிறகு குரல் வருது"

ப்ளூடூத்தில் கேட்டால் இது இருக்கும், வயருக்கு மாறுங்கள். வயரிலும் இருந்தால், ஆம்பில் டிலே சுழியத்தில் இருக்கிறதா என்று பார்த்து, டிவியின் செயற்கை சரவுண்ட் வேலைகளை அணையுங்கள். குரல் முந்திக்கொண்டு வந்தால் சுலபம், டிலேயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

"வால்யூம் ஏத்தினா கட் ஆகுது" அல்லது "ஐசி அடிக்கடி போகுது"

ரிசீவர் என்றால் எல்லா ஸ்பீக்கர் வயரையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். கட் ஆகாமல் ஓடினால், ஒவ்வொரு வயராக, ஒவ்வொரு முறையும் அணைத்துவிட்டு மாட்டுங்கள். எந்த வயரில் கட் ஆகிறதோ அதில் ஒரு மெல்லிய செம்பு இழை பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருக்கும். அலமாரிக்குள் மூடி வைத்திருந்தால் மேலே நான்கு விரல் இடைவெளியாவது விடுங்கள்.

வயர் தடிமனையும் பாருங்கள். கடையில் 14/76, 23/76, 40/76 என்று கேட்பார்கள், முதல் எண் உள்ளே இருக்கும் செம்பு இழைகளின் எண்ணிக்கை. 40/76 கிட்டத்தட்ட 1 சதுர மி.மீ. செம்பு. முன்னாலிருந்து பின் ஸ்பீக்கருக்குச் சுவரோரமாக 10 மீட்டர் போனால், போக வர 20 மீட்டரில் இதன் தடை 0.4 ஓமுக்குள் அடங்கும். 14/76 போட்டால் அது ஏறக்குறைய மூன்று மடங்கு. 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது பெரிய இழப்பு. முன் ஸ்பீக்கருக்கு 23/76 போதும், பின்னுக்குக் காசைப் பார்க்காமல் 40/76 வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினிய வயர் கடற்காற்றில் சீக்கிரம் பூத்துவிடும், வேண்டாம்.

அசெம்பிள் ஆம்பில் ஐசி (ஒலியைப் பெருக்கும் சிப்) போவதற்குக் கணக்கிலேயே காரணம் இருக்கிறது. அதில் போடும் டிடிஏ 2030 என்ற ஐசி தாங்குவது பிளஸ் மைனஸ் 18 வோல்ட். 12-0-12 டிரான்ஸ்பார்மரின் 12 வோல்ட் ஏசி, டையோடும் கெபாசிட்டரும் தாண்டி 16, 17 வோல்ட் டிசி ஆகிறது. பின்னிரவில் மெயின்ஸ் 230-லிருந்து 250-க்கு ஏறினால் அந்த 17, 18-ஐத் தொட்டுவிடும். ஒலி குறைவாக இருக்கும்போது டிரான்ஸ்பார்மரில் சுமை இல்லாததால் இன்னும் கூடும். சத்தம் வைக்காமலே ஐசி போனதே என்று நினைப்பவர்களுக்கு விடை இதுதான். 22 வோல்ட் தாங்கும் டிடிஏ 2030ஏ, அல்லது அதே கால் அமைப்பில் 30 வோல்ட் வரை தாங்கும் எல்எம் 1875 மாட்டச் சொல்லுங்கள். விலை வித்தியாசம் பெரிதல்ல. போலி ஐசி நிறைய இருப்பதால் நம்பிக்கையான கடையில் வாங்குங்கள். இந்த ஐசியின் முதுகுத் தகடு மைனஸ் சப்ளையோடு இணைந்தது. மைக்கா (மின்சாரம் கடத்தாத மெல்லிய தகடு) வைக்காமல் ஹீட் சிங்கில் திருகி, ஹீட் சிங்க் பெட்டியைத் தொட்டால் அந்த நிமிடமே புகை.

ஒரு சேனலுக்கு இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரை இணையாக மாட்டியிருந்தால் அது 2 ஓம், எந்தச் சின்ன ஐசியும் தாங்காது. பெட்டியில் எழுதியிருக்கும் ஆயிரக்கணக்கான வாட்டையும் மறந்துவிடுங்கள். 12-0-12, 5 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் மொத்தத்தில் கொடுப்பது 120 விஏ. அதில் பாதிக்குச் சற்று மேல்தான் எல்லா ஸ்பீக்கருக்கும் சேர்த்து ஒலியாகக் கிடைக்கும். நடுத்தர ஹாலுக்கு அது தாராளம்.

ஆன் செய்ததும் கோன் ஒரு பக்கமாகத் தள்ளி நின்றால் உடனே அணையுங்கள். ஐசி ஷார்ட் ஆகி ஸ்பீக்கருக்கு டிசி போகிறது. விட்டால் காயில் எரியும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அவுட்புட்டில் டிசி வோல்ட் அளந்து, சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் மட்டும் திரும்ப மாட்டுங்கள்.

"வால்யூம் திருப்பினா கரகரங்குது, ஒரு பக்கம் விட்டு விட்டு வருது"

உப்புக்காற்றின் வேலை. சில்வர் பீச் பக்கத்து வீடுகளில் ஆர்சிஏ பின் ஒரு மழைக்காலத்திலேயே பச்சை பூக்கும். ஆம்பை அணைத்துவிட்டு பின்னை மாட்டியபடியே பத்துப் பதினைந்து முறை திருகுங்கள், பாதி சரியாகும். மீதிக்குக் கான்டாக்ட் கிளீனர் அல்லது ஐசோபுரொபைல் ஆல்கஹால். வால்யூம் கண்ட்ரோலுக்குள்ளும் அதையே அடித்து முழுச் சுற்றாகத் திருப்புங்கள். தேங்காய் எண்ணெய், பெட்ரோல் எதுவும் வேண்டாம். ஸ்பீக்கர் வயரின் நுனி கறுத்திருந்தால் வெட்டிப் புதிதாகச் சீவி மாட்டுங்கள்.

"செட் வெள்ளத்துல நனைஞ்சிடுச்சு"

2011 டிசம்பரில் 'தானே' புயல், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல், அதற்கடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் என்று நம் பக்கம் இது புதிதில்லை. முக்கியமான விதி: வேலை செய்கிறதா என்று பார்க்க ஒருமுறைகூட ஆன் செய்யாதீர்கள். வெள்ளத்தில் நனைந்த செட்டுகள் பல, அந்தச் சோதனையில்தான் நிரந்தரமாகப் போகின்றன.

மூடியைத் திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கி, பெரிய கெபாசிட்டர்கள் இறங்க ஒரு மணி நேரமாவது விடுங்கள். போர்டில் படிந்த சேற்றை நல்ல தண்ணீரில் மென்மையான பிரஷால் கழுவி, மேலே ஆல்கஹால் விட்டு, நிழலில் காற்றோட்டமாகப் பல நாள் காய வையுங்கள். கொளுத்தும் வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் வளையும். டிரான்ஸ்பார்மர்தான் கடைசியாகக் காயும். காகித கோன் உப்பி வடிவம் கெட்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும். எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) பெட்டி ஊறினால் திரும்பாது. பிளைவுட்டில் அதே உள்ளளவில் புதுப்பெட்டி செய்து, பழைய டிரைவரையும் போர்ட் குழாயையும் மாட்டிக்கொள்ளலாம், தச்சருக்கு அரைநாள் வேலை.

காய்ந்தபின் முதல்முறை கரண்ட் கொடுக்கும்போது அந்த 100 வாட் குண்டு பல்பு வேண்டும். ஃபேஸ் லைனில் சீரீஸாக, அதாவது கரண்ட் பல்பைத் தாண்டித்தான் ஆம்புக்குப் போகும்படி மாட்டி அதன் வழியாக ஆம்புக்குக் கரண்ட் கொடுங்கள். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. மின்வேலை தெரியாதவர்கள் தெரிந்தவரை வைத்தே செய்யுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் கெபாசிட்டர் நிறைந்தது, ஆம்ப் நல்லது, ஸ்பீக்கர் மாட்டுவதற்கு முன் அவுட்புட்டில் டிசி அளந்துகொள்ளுங்கள். முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட். அணைத்துவிட்டு டிரான்ஸ்பார்மரின் செகண்டரி வயர்களைப் போர்டிலிருந்து கழற்றி, முனைகள் ஒன்றையொன்று தொடாமல் டேப் சுற்றிவிட்டு மறுபடி பாருங்கள். பல்பு மங்கினால் கோளாறு போர்டில்: டையோடு, கெபாசிட்டர், ஐசி என்ற வரிசையில் தேடுங்கள். அப்போதும் அதே வெளிச்சம் என்றால் டிரான்ஸ்பார்மரை மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை.